ஸ்ரீவைகுண்டத்தில் கண்டுபிடித்த டீசல் வாடை

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆதிச்சநல்லூர் எல்லாம் தாண்டி, சுமார் 30 கி.மீ. போனதும் இடது பக்கம் தாமிரபரணிப் பாலம் வரும். பாலத்தைக் கடந்தால் ஸ்ரீவைகுண்டம். நவதிருப்பதி தரிசனம் செய்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குவார்கள். ஒன்பது கோயில்களில் இது சூரியனுக்கு உரியது. அடுத்து நத்தம், திருப்புளியங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி என்று வடகரையில் முடித்துக்கொண்டு, தென்கரையில் ஆழ்வார்திருநகரி, திருக்கோளூர், தென்திருப்பேரை பார்த்தால் ஒரே நாளில் ஒன்பதும் ஆகிவிடும். கோயில்கள் மத்தியானம் நடை சாத்திவிடுவதால் எல்லோருக்கும் ஓட்டம்தான். எங்கள் வீட்டுக்காரருக்கும் அன்று அதே ஓட்டம்.

வண்டியில் நாங்கள் நாலு பேர். அவர், நான், என் நாத்தனார், நாத்தனாரின் மகள். மகளுக்கு ஐந்து மாதம். பாளையங்கோட்டை தாண்டியதிலிருந்தே அந்தப் பெண்ணுக்குக் குமட்டல். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தாள். கருங்குளத்தில் நிறுத்தி வாந்தியும் எடுத்தாயிற்று.

"மசக்கைதான், வேறென்ன?" என்றார் நாத்தனார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஐந்தாம் மாதத்தில் மசக்கை அடங்கிவிடுமே! அதோடு, காருக்குள் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை எனக்கும் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கும் நெற்றிப்பொட்டில் வலி. கேட்டால், "டீசல் வண்டின்னா டீசல் வாடை வரத்தான் செய்யும்" என்று வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். டாஷ்போர்டில் ஒரு வாசனை டப்பா வேறு வைத்திருக்கிறார். அது டீசலோடு சேர்ந்து கிளப்பிய நாற்றம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

கள்ளப்பிரான் சந்நிதியில் நல்ல தரிசனம். ஆதிசேஷன் குடை பிடிக்க, பெருமாள் நின்ற திருக்கோலம். காலதூஷகன் என்ற திருடன் தன் கொள்ளையில் பாதியைப் பெருமாளுக்குக் கொடுத்து வந்தானாம். அவன் மாட்டிக்கொண்டபோது பெருமாளே திருடன் உருவில் அரசன் முன் போய் நின்றாராம். அதனால்தான் 'கள்ளப்பிரான்' என்ற பெயர். சித்திரை 6, ஐப்பசி 6 தேதிகளில் காலைச் சூரியன் நேராகப் பெருமாள் மேல் விழும் என்கிறார்கள். அதை மறைக்காமல் இருக்கக் கொடிமரத்தையே சற்று விலக்கி நட்டிருக்கிறார்கள். குமரகுருபரர் பிறந்ததும் இதே ஊரில்தான்.

பிராகாரம் சுற்றி வரும்வரை நாத்தனார் மகள் நன்றாகத்தான் இருந்தாள். பிரசாதம் கூட வாங்கிச் சாப்பிட்டாள். காரில் ஏறி, அவர் வண்டியைக் கிளப்பி ஏ.ஸி. போட்டதுதான் தாமதம், மறுபடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கோயிலுக்குள் இல்லாத மசக்கை காருக்குள் மட்டும் எப்படி வரும்? நான் இறங்கி முன்பக்கம் குனிந்து பார்த்தேன். வண்டி நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். ஏ.ஸி. தண்ணீர் என்றார் அவர். விரலால் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது, உலரவில்லை. ஒரு காகிதத்தில் ஒற்றினால் எண்ணெய் மாதிரி பரவியது. தண்ணீர் என்றால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். என்ஜின் ஆயில் என்றால் கறுப்பாக, கனமாக இருக்கும். இது வாடையிலேயே டீசல் என்று தெரிந்தது. "இதைப் பார்க்காமல் அடுத்த கோயிலுக்கு நாங்கள் வரவில்லை" என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்திலேயே ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இருந்தது. வயசான அண்ணாச்சி ஒருவரும் ஒரு பையனும்தான் ஆள். அண்ணாச்சி பானெட்டைத் திறந்ததும் வீட்டுக்காரர் கீழே சொட்டுகிற இடத்தைக் காட்டினார்.

"அதைப் பாக்காதிய, சார்" என்றார் அண்ணாச்சி. "மழைக்காலத்துல ஓட்டு வீடு ஒழுகுச்சுன்னா, சொட்டுத இடத்துக்கு நேர் மேலயா ஓடு உடைஞ்சிருக்கும்? தண்ணி வரிச்சுலயே ஓடி வந்து எங்கயோ சொட்டும். இதுவும் அப்படித்தான். மேல இருந்து பாக்கணும்."

எவ்வளவு சரியான பேச்சு! டீசல் போகும் வழியையும் அவர் விரல் வைத்துக் காட்டினார். பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து குழாய் வழியாக முன்னால் வந்து, முதலில் ஃபில்டருக்குள் போகிறது. அங்கே தூசியும் தண்ணீரும் தங்கிவிடும். பிறகு பம்பு, அதன் பிறகு என்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள். மிச்ச டீசல் இன்னொரு குழாய் வழியாக டேங்குக்கே திரும்பிப் போகும். இந்த வழியில் ரப்பர் டியூப் வெடித்திருக்கலாம், கிளிப் தளர்ந்திருக்கலாம், போல்ட்டின் கீழ் இருக்கும் செம்பு வாஷர் தேய்ந்திருக்கலாம், ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு சரியாக மூடாமல் இருக்கலாம்.

பையன் பழைய துணியால் எல்லா இடத்தையும் துடைத்து உலர்த்தினான். "சாக்பீஸ் தூள் இருந்தா நல்லாத் தெரியும்" என்று அண்ணாச்சி தேடினார். என் கைப்பையில் முகத்துக்குப் போடும் பவுடர் டப்பா இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். ஃபில்டர், டியூப், பம்பு எல்லாவற்றின் மேலும் தூவி, அடியில் செய்தித்தாளை விரித்து, வண்டியைக் கிளப்பச் சொன்னார். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. ஃபில்டர் டப்பாவின் மேல் விளிம்பில், வெள்ளைப் பவுடர் நடுவே, மெல்லிய ஈரக் கோடு ஒன்று இறங்கியது. அது டப்பாவின் பின்புறமாக வழிந்து, ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு முழம் தள்ளிப் போய்ச் சொட்டியது. ஏ.ஸி.க்குக் காற்று இழுக்கும் வழி முன் கண்ணாடியின் அடியில், அதாவது பானெட்டை ஒட்டித்தான் இருக்கிறது. வாடை உள்ளே வந்த வழியும் தெரிந்துவிட்டது.

என்ஜினை நிறுத்தி ஆறவிட்டு ஃபில்டரைத் திருகிக் கழற்றினார். பார்த்தால், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் வளையங்கள்! இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் புது ஃபில்டர் போட்டிருந்தோம். பழைய வளையம் மேலே ஒட்டிக்கொண்டு நின்றதை யாரும் பார்க்கவில்லை. அதன் மேலேயே புதியதையும் முறுக்கிவிட்டார்கள். குக்கருக்கு இரண்டு காஸ்கெட் போட்டு மூடினால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

வளையத்தை மட்டும் எடுத்துவிட்டு அதே ஃபில்டரைப் போடலாமா என்று கேட்டார் எங்கள் வீட்டுக்காரர். நசுங்கிய வளையம் மறுபடி ஒழுகும் என்று அண்ணாச்சி ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் வண்டிக்கான ஃபில்டர் அங்கே இல்லை. திருநெல்வேலியில் ஒரு கடைக்குப் போன் செய்து, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பச் சொன்னார். வந்து சேர ஒன்றரை மணி நேரம். எட்டுக் கோயில் பாக்கி இருக்கிறதே என்று அவர் முகம் தொங்கிப் போயிற்று. நாங்கள் பெண்கள் மூவரும் ஆட்டோ பிடித்து அணைக்கட்டைப் பார்க்கப் போனோம்.

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் இதுதான் கடைசி. மற்ற ஏழும் பழைய அரசர்கள் காலத்தவை. இது மட்டும் வெள்ளைக்காரர்கள் 1870-களில் கட்டி முடித்தது. இங்கிருந்து வடகாலும் தென்காலும் பிரிகின்றன. கண்ணுக்கு எட்டிய தூரம் வாழை. இந்த அமைதியான ஆறுதான் 2023 டிசம்பரில் ஊரையே முழுக்கியது. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., இங்கே 62 செ.மீ. மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், தண்டவாளத்தின் அடிக்கல் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட, சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். சுற்றுவட்டாரத்துக் கிராமத்தார்தான் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். மூழ்கிய வண்டிகளின் டேங்கிலிருந்து டீசலும் தண்ணீருமாக வடித்து வடித்துக் கை அலுத்துப் போனதாக அண்ணாச்சி பிறகு சொன்னார்.

"கார் ரிப்பேரில் பொம்பிளைக்கு என்ன வேலைன்னு பார்க்கிறவங்க நினைக்க மாட்டாங்களா?" என்று நாத்தனார் அணைக்கட்டில் வைத்து முணுமுணுத்தார். இந்த ஊரில் மண்கோட்டை ஒன்று இருந்தது. அதற்குள் வாழ்ந்த கோட்டைப் பிள்ளைமார் வீட்டுப் பெண்கள் வாழ்நாள் முழுதும் கோட்டையைத் தாண்டாமல் இருந்தார்கள் என்பது வரலாறு. அந்த ஊரில் வைத்து மதினி இப்படிக் கேட்டதால், ஜெர்மனியின் பெர்தா பென்ஸ் அம்மாளைப் பற்றிச் சொன்னேன். கார் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி. 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து தாய்வீட்டுக்கு 100 கி.மீ.க்கு மேல் ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தும் ஊசியை எடுத்துக் குத்திச் சுத்தம் செய்தார். எரிபொருள் தீர்ந்ததும் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். உலகத்தின் முதல் நெடும்பயணக் கார் ரிப்பேரே ஒரு அம்மாவின் கொண்டையிலிருந்து எடுத்த ஊசியால்தான் நடந்தது! நாத்தனார் மகள் சிரித்தாள். வாடை இல்லாத காற்றில் அவள் முகமே மாறியிருந்தது.

நாங்கள் திரும்பியபோது ஃபில்டரும் வந்திருந்தது. அண்ணாச்சி வேலை செய்த விதத்தை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஃபில்டர் உட்காரும் இடத்தை விரலால் தடவி, பழைய ரப்பர் துணுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே புதியதை எடுத்தார். வளையத்தில் சுத்தமான டீசலை லேசாகத் தடவினார். உலர்ந்த ரப்பர் முறுக்கும்போது சுருண்டுகொள்ளுமாம். வளையம் தொடும் வரை கையால் திருகி, அதற்கு மேல் முக்கால் சுற்று. ஸ்பேனர் போடவே இல்லை. பிறகு, மேலே உள்ள கைப்பம்பை அது கெட்டியாகும் வரை அமுக்கிக்கொண்டே, காற்று வெளியேறும் திருகைத் தளர்த்தினார். முதலில் நுரை நுரையாக வந்தது. குமிழி நின்று, வெறும் டீசல் வந்ததும் திருகை இறுக்கினார். குழாயில் காற்று இருந்தால் வண்டி கிளம்பாது. கழற்றும்போது வடிந்த டீசலைப் பாதி வெட்டிய தண்ணீர் பாட்டிலில் பிடித்து, சாமான்கள் கழுவ எடுத்து வைத்துக்கொண்டார். ஆற்றங்கரை ஊரில் அதைச் சாக்கடையில் ஊற்றாமல் இருந்தாரே!

அண்ணாச்சி சொன்ன எச்சரிக்கைகளைச் சகோதரிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போதைய புது டீசல் கார்களில் பம்புக்குப் பிறகு வரும் குழாயின் அழுத்தம் 1,000 'பார்' அளவையும் தாண்டும். கார் டயரில் இருப்பதோ 2 சொச்சம்தான். அங்கே ஒழுகுகிறதா என்று ஓடும் வண்டியில் விரல் வைத்தால், ஊசி போட்டது போல் டீசல் தோலுக்குள் புகுந்துவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலே போகலாம். டேங்கிலிருந்து டியூப் போட்டு வாயால் உறிஞ்சுவதும் கூடாது. டீசல் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா போல ஆகிவிடும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியில்தான் அது மூச்சுக்குழலுக்குள் போகும். நேரே ஆஸ்பத்திரிதான். டீசல் பெட்ரோல் போல் சட்டென்று பற்றாது என்பது உண்மை, ஆனால் சூடான சைலன்ஸர் குழாயில் சொட்டினால் பற்றும்.

என் புடவைத் தலைப்பில் பட்டிருந்ததை ஊருக்கு வந்து, கடலை மாவு தூவி உறிஞ்ச விட்டு, பாத்திரம் துலக்கும் சோப்பால் கசக்கித் தனியாகக் காற்றில் உலர்த்தினேன், போய்விட்டது. மற்றத் துணிகளோடு மெஷினில் போட்டால் எல்லாமே நாறும்.

அன்று பார்த்தது மொத்தம் ஐந்து கோயில்தான். ஆழ்வார்திருநகரியில் உறங்காப்புளி மரத்தைச் சுற்றி வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அங்கிருந்து திருச்செந்தூர் வரைக்கும் நாத்தனார் மகள் எலுமிச்சம்பழத்தைக் கையிலேயே எடுக்கவில்லை. குரும்பூர் தாண்டும்போது சூடாக ஏதாவது சாப்பிட வேண்டும் என்றாள். ராத்திரி லாட்ஜில் வண்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுத்தான் படுத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தபோது ஒரு சொட்டு இல்லை. வாசனை டப்பாவை அவரே எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார். பாக்கி இருந்த கோயில்களை முடிக்க மறுபடி ஸ்ரீவைகுண்டம் பக்கம் வண்டியைத் திருப்பினோம்.