செஞ்சிக் கோட்டையும் பழைய லேப்டாப்பும்

திண்டிவனம் - திருவண்ணாமலை பஸ், செஞ்சியைத் தாண்டியதும் ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே கோட்டை மதிலைக் கடந்து போகும். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். மூச்சு வாங்க ஏறுகிறவர்களை உச்சிக்குச் சற்று முன் ஓர் ஆழமான பிளவு நிறுத்தும். அதன் மேல் சின்னப் பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. 1690-ல் முற்றுகையைத் தொடங்கிய முகலாயப் படை கோட்டையைப் பிடிக்க 1698 ஆகிவிட்டது.

2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்த விலையில்லா லேப்டாப் இப்போது தம்பி கையில் இருந்தால், அதுவும் பாலம் இல்லாத கோட்டைதான். திரை, கீபோர்டு எல்லாம் நலம். கல்லூரி விண்ணப்பம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் பழைய வயர்லெஸ் கார்டுக்கு நெரிசலான 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் தெரியும். புது மோடத்தின் 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணில் படாது.

தீப்பெட்டியைவிடச் சின்ன அந்தக் கார்டை மாற்றினால் போதும். ஆனால் வாங்கும் முன், பழைய கார்டைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போவது நல்லது; பொருந்தும் இடம் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ், எம்.2 என வேறுபடும். சில லேப்டாப்கள் தங்கள் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர்களையும் பிரஸ் பட்டன் போல நேராக அழுத்த வேண்டும். சாய்த்தால் முனை உடையும்.

கெட்டிச் சுவர் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் தளர்ந்துவிடும். மோடம் இரண்டு சுவர் தள்ளி இருந்தால், முதலில் அதை நகர்த்திப் பார்க்கலாம், அதற்குச் செலவில்லை.