நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து



2023 செப்டம்பர் 1ஆம் தேதி இரவு, ஃபேரர் பார்க்கிலுள்ள எங்கள் வீட்டில் அதிபர் தேர்தல் முடிவுக்காகக் காத்திருந்தோம். மாதிரி வாக்கு எண்ணிக்கை வெளியானது. திரு தர்மன் சண்முகரத்தினத்திற்கு 70 விழுக்காடு. நம்பிக்கை அளவு 95 விழுக்காடு. பிழை கூடவோ குறையவோ 4 விழுக்காட்டுப் புள்ளிகள்.

"அம்மா, உண்மையான விழுக்காடு 66க்கும் 74க்கும் இடையில் இருப்பதற்கு 95 விழுக்காடு வாய்ப்பு என்று பொருளா?" என்று உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மகள் கேட்டாள். "ஆமாம்" என்றேன். என் விடை தவறு என்பது மறுநாள் பழைய பயிற்சிக் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் விளங்கியது.

ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்தின் சீட்டுகளிலிருந்தும் 100 சீட்டுகளைச் சமவாய்ப்பில் எடுத்து எண்ணுகிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்நேரத்தில் மக்களின் தீர்ப்பு பெட்டிக்குள் முடிந்துபோன ஒன்று, அது மாறாது. மாறக்கூடியது நாம் எடுக்கும் சீட்டுகளே.

பள்ளிக் கேளிக்கைச் சந்தையில் வளையம் எறியும் விளையாட்டைக் கொண்டு மகளுக்கு விளக்கினேன். முளை அசையாமல் நிற்கிறது. வளையமே அங்குமிங்கும் விழுகிறது. தேர்ந்த கை நூறு முறை எறிந்தால் ஏறத்தாழ 95 முறை முளையைச் சூழும். அந்த 95 என்பது எறியும் முறையின் நம்பகம். விழுந்துவிட்ட ஒரு வளையமோ, முளையைச் சூழ்ந்திருக்கும் அல்லது சூழ்ந்திராது. 1937இல் போலந்து அறிஞர் ஜெர்சி நெய்மன் வகுத்த பொருள் இதுவே. நிகழ்தகவை நம் நம்பிக்கையின் அளவாகக் கொள்ளும் பேய்ஸ் வழியில் மகள் கேட்டவாறும் கூறலாம். ஆனால் அதற்கு நாம் முன்பே அறிந்தவற்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இறுதி முடிவு 70.4 விழுக்காடு. இம்முறை வளையம் முளையைச் சூழ்ந்தது.

எனினும் என் மனம் வேறொன்றை எண்ணி வருந்தியது. அவ்வாண்டு ஒரேயொரு சொல்வதெழுதுதலை வைத்து, "உங்கள் மகனுக்குத் தமிழ் கடினம்தான்" என்று ஒரு தாயிடம் கூறியிருந்தேன். தேர்தல் அதிகாரிகள்கூடப் பிழையளவைச் சேர்த்தே அறிவிக்கிறார்கள். நான் அதையும் சொல்லவில்லை. அத்தாயைத் தொலைபேசியில் அழைத்து என் சொல்லைத் திரும்பப் பெற்றேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அவன் அன்றிலிருந்து தமிழ்ப் புத்தகத்தைத் தொடவில்லை, டீச்சர்" என்றார்.

அடுத்த சொல்வதெழுதுதல் தாளுடன் பிள்ளை வீடு திரும்பும்போது, இது எத்தனையாவது வளையம் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். நானும் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை