தேக்கடி போகும் வழியில் ஒரு பகல்

மதுரையிலிருந்து தேக்கடிக்குப் போகும் சுற்றுலா வண்டிகள் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் கண்ணுக்குப் படும் நிறம் மாறிவிடுகிறது. வறண்ட மேட்டு நிலம் பின்னால் போகிறது. தேனி, வீரபாண்டி, சின்னமனூர் என்று வர வர வாழையும் தென்னையும் நெல்லும் சாலையோரம் வரை வந்து நிற்கின்றன. இரண்டு பக்கமும் மலை, நடுவில் பச்சை. கரீபியன் தீவுகளில் சொகுசுக் கப்பல்கள் காலையில் துறைமுகத்தில் நின்று மாலையில் கிளம்பிவிடும். அந்த ஒரு பகலில் இறங்குகிறவர்களை நம்பி அங்கே கடைத்தெருக்களே இருக்கின்றன. கடலே இல்லாத கம்பம் பள்ளத்தாக்கிலும் இப்போது அதே மாதிரி ஒரு பிழைப்பு வளர்ந்து வருகிறது. இங்கே கப்பலுக்குப் பதில் வேனும் பஸ்ஸும்.

பள்ளத்தாக்கை உண்மையில் பார்க்க வேண்டுமானால் விடியலுக்கு முன்பே எழுந்துவிட வேண்டும். போடி, தேவாரம், கம்பம், கூடலூர் தெருக்களில் அந்த நேரத்தில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தூக்குச் சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறுவார்கள். இடுக்கி மலையிலுள்ள ஏலத்தோட்டங்களில் களை எடுப்பதும் காய் பறிப்பதும் பெரும்பாலும் இவர்கள்தான். அந்தக் காய் மறுபடி மலை இறங்கி, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்காகப் போடிக்கே வருகிறது. போடிக்கு 1928இல் வந்த ரயில், அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நின்றது. 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது. வெளியூர்க்காரர்கள் இப்போது சென்னையிலிருந்து நேராகப் போடியில் வந்து இறங்கலாம்.

வண்டிகள் அதிகம் நிற்பது கம்பத்தை அடுத்த சுருளிப்பட்டிச் சாலையில். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில் பன்னீர் திராட்சை கருநீலமாகத் தொங்குகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு இடங்களில் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு. இங்கே அப்படியில்லை. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் பூ இருக்கும், அதற்கடுத்ததில் அறுவடை நடக்கும். எந்த மாதம் வந்தாலும் பழம் பார்க்கலாம் என்பதால்தான் வண்டிக்காரர்கள் தைரியமாக இங்கே நிறுத்துகிறார்கள்.

இந்தப் பழத்துக்கு ஒரு குறை உண்டு. மணமும் சாறும் அதிகம், இருப்புத் தாங்காது. கொத்திலிருந்து சீக்கிரம் உதிர்ந்துவிடும். பறித்தால் விற்றாக வேண்டும் என்பது வியாபாரிக்குத் தெரியும், அதனால் விலையை அவர்தான் சொல்கிறார். பந்தலுக்குள் நுழைந்து, படம் எடுத்து, இரண்டு கிலோ வாங்கிப் போகிறவரிடம் அந்தப் பேரம் இல்லை. சாறாக்கி விற்கிறவர்களுக்கு உதிர்ந்த பழமும் காசாகிறது. மொத்த விளைச்சலில் இது சிறு பங்குதான். ஆனாலும் தோட்டத்துக்குள்ளேயே கைக்கு வரும் ரொக்கம்.

இதில் ஒரு பொறுப்பும் வந்து சேர்கிறது. அடிச்சாம்பல் நோய்க்கும் சாம்பல் நோய்க்கும் மருந்து தெளிக்காமல் இங்கே திராட்சை எடுப்பது கடினம். ஆனால் வருகிற குழந்தை கழுவியா தின்னும்? கை எட்டிய கொத்திலிருந்து பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். மருந்துச் சீட்டில் போட்டிருக்கும் காத்திருப்புக் காலம் முடியும் வரை அந்தப் பந்தலைக் கயிறு கட்டி மூடிவிட்டு, வேறு பந்தலைக் காட்டுகிற தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். மூடாதவர்களும் இருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு வாந்தி வந்தால் போதும், சாலை முழுவதற்கும் கெட்ட பெயர் வந்துவிடும்.

அங்கிருந்து சுருளி அருவி பக்கம்தான். யானை நடமாட்டம் இருந்தாலோ வெள்ளம் வந்தாலோ வனத்துறை விடாது. கேட்டுவிட்டுப் போவது நல்லது.

கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வந்ததும் மலைச்சரிவில் பெரிய இரும்புக் குழாய்கள் இறங்குவது தெரியும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வந்து, இந்தக் குழாய்களில் விழுந்து மின்சாரம் எடுத்த பிறகு வயலுக்குப் போகிறது. 1895இல் முடிந்த அணை அது. கட்டிய பென்னிகுயிக்குக்கு 2013இல் இங்கே மணிமண்டபம் திறந்தார்கள். பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். ஜனவரி 15இல் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. 2011 டிசம்பரில் அணைத் தகராறு முற்றியபோது ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கி நடந்தது இதே சாலையில்தான். அந்த நாட்களில் எல்லையைத் தாண்டிக் கூலிக்குப் போக முடியவில்லை, சரக்கும் போகவில்லை. சுற்றுலா வண்டிகளும் வரவில்லை.

குமுளி ஏறினால் தேக்கடி. படகுத்துறையில் வரிசையில் நின்று படகு ஏறுகிறவர்கள் யானைக்காகவும் காட்டெருமைக்காகவும் கரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீரில் ஆங்காங்கே பட்ட மரங்கள் நிற்கின்றன. அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. படகு மிதக்கும் இந்தத் தண்ணீரும் காலையில் பார்த்த நெல் வயலின் தண்ணீரும் ஒன்று என்று படகில் யாரும் சொல்வதில்லை.

மாலையில் வண்டிகள் மலை இறங்கும்போது ஏலத்தோட்ட ஜீப்புகளும் கூடவே இறங்குகின்றன. வளைவுகளில் ஜீப்புக்காரர் ஒலி எழுப்பினால் சுற்றுலா வண்டி ஒதுங்கி வழி விடுகிறது. உள்ளே இருக்கும் பெண்களுக்கு வீட்டுக்குப் போய்த்தான் உலை வைக்க வேண்டும்.