அப்சிந்த் வாங்கப் போனது

அப்சிந்த் என்ற சொல் எனக்கு முதலில் ஒரு மதுவின் பெயராக வந்து சேரவில்லை. ஃபிரெஞ்சுக் கவிகளைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில், வெர்லேன், ரிம்போ என்ற பெயர்களை ஒட்டிக்கொண்டு, ஏதோ தகுதிச் சான்றிதழ் மாதிரி வந்தது. குடித்தவன் கவி, இல்லாவிட்டால் பைத்தியம். எங்கள் வட்டத்தில் இதை நிஜமாகவே நம்பியவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். அவர் எழுதியவற்றில் ஏழெட்டுக் கவிதைகள் நிற்கும் என்பது என் அபிப்ராயம். சாராயத்தைக் குடித்துக்கொண்டு பாரிஸை நினைத்துக்கொண்டிருந்தவர். 1986இல் நான் முதல்முறையாக அமெரிக்கா கிளம்பியபோது, "வேறொண்ணும் வேண்டாம்வே, ஒரு பாட்டில் அப்சிந்த் வாங்கிட்டு வாரும்" என்றார்.

அங்கே அதற்கு 1912இலிருந்து தடை என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. கடைக்காரர் சிரித்துவிட்டு, வர்ம்வுட் சேராத ஒரு ஃபிரெஞ்சு அனீஸ் மதுவை எடுத்துக் கொடுத்தார். ஊரில் நண்பர் ஒரு மடக்குக் குடித்தார். "சோம்புத் தண்ணி" என்று தம்ளரைத் தள்ளி வைத்தார். நான் விஷயத்தைச் சரியாக விசாரிக்காமல் ஏமாந்து வந்தவன் என்றுதான் கடைசிவரை அவருக்கு எண்ணம். மூன்று வருஷத்தில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார்.

சென்ற வருஷம் நியூ ஜெர்சியில் தம்பி மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். பக்கத்து மதுக்கடையில் ஒரு தட்டு முழுக்க அப்சிந்த். தடை 2007இல் தளர்ந்திருந்தது. தளர்ந்த விதம் வேடிக்கையானது. சட்டத்தை மாற்றவில்லை. வர்ம்வுட்டில் உள்ள துஜோன் என்ற பொருள் பத்து லட்சத்தில் 10 பங்குக்குக் கீழே இருந்தால் 'துஜோன் இல்லாதது' என்று கொள்ளலாம் என அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். கூடவே நிபந்தனை: லேபிளில் அப்சிந்த் என்ற சொல் தனித்து நிற்கக் கூடாது, சித்தப்பிரமையைக் குறிக்கும் படம் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரு சர்க்கார் இவ்வளவு பயந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பயத்துக்குக் காரணம் அந்தத் துஜோன்தான். 1905இல் சுவிட்சர்லாந்தில் லான்ஃப்ரே என்ற கூலியாள் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் சுட்டுக் கொன்றான். அன்று அவன் வயிற்றில் ஏராளமான ஒயினும் பிராந்தியும் இருந்தன. அப்சிந்த் இரண்டே கிளாஸ். பழி அப்சிந்த்துக்கு. தடைக்கு முந்திய 13 பழைய பாட்டில்களைத் திறந்து 2008இல் வெளியான ஆய்வில், லிட்டருக்குச் சராசரி 25 மில்லிகிராம் துஜோன்தான் இருந்தது. அவ்வளவைக் கொண்டு பைத்தியம் பிடிக்குமுன் ஆல்கஹாலே ஆளை முடித்துவிடும். அதாவது வெர்லேன் குடித்ததும், என் நண்பர் பட்டைச் சாராயமாகக் குடித்ததும் சாராம்சத்தில் ஒன்று. இதைக் கடையில் நின்றுகொண்டு யோசித்தது எனக்கு உவப்பாக இல்லை.

ஆக, எதை வாங்குவது? கண்ணைப் பறிக்கும் பச்சைகளை முதலில் ஒதுக்கினேன். பின்பக்கம் சிறிய எழுத்தில் மஞ்சள் 5, நீலம் 1 என்று சாயத்தின் பெயர் இருக்கும். நல்ல அப்சிந்த்தின் பச்சை, வடித்த பிறகு மூலிகைகளை ஊறவைத்து இறங்குகிற இலைப்பச்சை. வெளிச்சத்தில் வைத்தால் பழுத்துச் சருகு நிறமாகும். வடித்ததா, எசென்ஸ் கலந்ததா என்பது அடுத்த கேள்வி. வர்ம்வுட், அனீஸ், பெருஞ்சீரகம் மூன்றும் கொதிகலத்துக்குள் போயிருக்க வேண்டும். சர்க்கரை பாட்டிலுக்குள் இருந்தால் அது வேறு சரக்கு. தீ வைத்துக் காட்டும் படமிருந்தால் வேண்டவே வேண்டாம். அது 1990களில் செக் நாட்டுப் பக்கம் கிளம்பிய கூத்து, பாரிஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்படி ஒதுக்கியபோது, நண்பர் எதையெல்லாம் ஆசையோடு கையில் எடுத்திருப்பாரோ அவை எல்லாமே கழிந்துபோயின.

மிஞ்சியவை நாலைந்து. கலிஃபோர்னியாவின் செயின்ட் ஜார்ஜ், அமெரிக்காவில் தடைக்குப் பின் வடித்து விற்பனைக்கு வந்த முதல் அப்சிந்த். சுவிட்சர்லாந்தின் குப்லர் நிறமற்றது; தடைக்காலத்தில் அங்கே திருட்டுத்தனமாக வடித்தவர்கள் தண்ணீர் போலத் தெரியட்டும் என்று பச்சை ஏற்றாமல் விட்ட வழக்கத்தின் வாரிசு. நான் எடுத்தது வியூ போந்தார்லியே. 65 சதவிகிதம், திராட்சைச் சாராய அடிப்படை. விலையைத் தம்பி மகனிடம் சொல்லவில்லை.

அன்று இரவு துளையிட்ட கரண்டி இல்லாததால் முள்கரண்டியில் சர்க்கரைக் கட்டியை வைத்து, ஐஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அடியிலிருந்து மெல்லக் கலங்கி, கழுநீர் மாதிரி வெளுத்தது. எண்ணெய்ச் சத்து தண்ணீரில் பிரிவதால் வருகிற கலங்கல். உடனே கலங்கினாலும் கலங்காமலே இருந்தாலும் சரக்கு சந்தேகம். வாசனையில் ஒரு மூலையில் மரிக்கொழுந்து இருந்தது. வர்ம்வுட்டும் அதுவும் ஒரே ஆர்டிமீஸியா இனம் என்பதால் இது என் கற்பனை மட்டுமல்ல. பிறகு நல்ல கசப்பு. ஆனால் எல்லாவற்றுக்கும் முந்தி, நாக்கில் பட்ட முதல் ருசி சோம்பு.

தம்பி மகன் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "இதுக்கா பெரியப்பா இவ்ளோ நேரம் கடைல நின்னீங்க?" என்றான். இரண்டாவது கிளாஸ் ஊற்றவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது பாட்டிலை, முக்கால்வாசி மீதத்தோடு, அவன் சமையலறை மேல் அலமாரியில் வினிகருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.