சமைத்தவருக்கும் ஒரு நாற்காலி

பண்டிகை நாள்களில் காலை நிகழ்ச்சி படைக்கும்போது நேயர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி, "இன்னிக்கு வீட்டுல என்ன சமையல்?" அழைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பேசும்போதே பின்னால் குக்கர் விசில் அடிக்கும், தாளிக்கும் சத்தம் கேட்கும். பட்டியலை மூச்சுவிடாமல் சொல்வார்கள். "நீங்க எப்ப சாப்பிடுவீங்க?" என்று கேட்டால் மட்டும் ஒரு சிரிப்பு. "எல்லாரும் சாப்பிட்டப்புறம்தான் தம்பி!"

என் அம்மாவும் அந்த ரகம்தான். ஆண்டுதோறும் டிசம்பர் 25ஆம் தேதி மாலை எங்கள் சொந்தபந்தம் மொத்தமும் ஈசூனில் இருக்கும் அம்மாவின் நான்கறை வீட்டில் கூடிவிடும். தீபாவளியன்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். கிறிஸ்துமஸ் பொது விடுமுறைதான் எல்லாருக்கும் தோதான நாள். கிறிஸ்தவர்களான சின்ன அத்தை வீட்டார் கேக்கோடு வருவார்கள். அம்மா பிரியாணி, கோழிப் பிரட்டல், நெத்திலி சம்பால், ரசம் என்று காலையிலிருந்தே நின்றபடி சமைப்பார். நாங்கள் சிரித்துப் பேசிச் சாப்பிடும்போது அம்மாவின் குரல் மட்டும் அடுப்படியிலிருந்து வரும். "சோறு பத்துமா? இன்னும் கொஞ்சம் கொண்டு வரட்டா?"

சென்ற ஆண்டு அக்டோபரில் அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதிக நேரம் நிற்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வெளியே ஆர்டர் கொடுத்துவிடலாம் என்றார் அக்கா. அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "வீடு தேடி வர்றவங்களுக்கு வாங்கின சாப்பாடா?" என்றார். சற்றுப் பொறுத்து, யாரையும் பார்க்காமல், "அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?" என்றும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை. வீட்டிலேயே சமைக்க வேண்டும், அதே சமயம் விருந்தாளிகள் வரும் நேரத்தில் அடுப்பு முன்னால் யாரும் நிற்கக்கூடாது. அப்படி ஓர் உணவைத் தேடியபோதுதான் பாட் ரோஸ்ட் நினைவுக்கு வந்தது.

பெயரில் ரோஸ்ட் இருந்தாலும் இது வறுவல் இல்லை. பெரிய இறைச்சித் துண்டைச் சிவக்க வதக்கி, கொஞ்சம் நீர் விட்டு, இறுக மூடி, குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவிடுவதுதான் பாட் ரோஸ்ட். அமெரிக்க வீடுகளில் மாட்டின் தோள்பட்டை இறைச்சியில் செய்வார்கள். எங்கள் கூட்டத்துக்கு அது சரிவராது. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. குவான் யின் வழிபடும் என் சீன நண்பர் வீட்டிலும் சாப்பிடுவதில்லை. எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்துக்கு ஹலால் இறைச்சி வேண்டும். எல்லாரும் கைவைக்கக்கூடியது ஆட்டுக்கறிதான். தேக்கா சந்தையில் ஹலால் கடை ஒன்றில் எலும்போடு தோள்பட்டை இரண்டரைக் கிலோ வாங்கி, இரண்டே துண்டுகளாக வெட்டித் தரச் சொன்னேன். "கறிக்கா? சின்னதா வெட்டட்டுமா?" என்று கடைக்காரர் இரண்டு முறை கேட்டார்.

நடந்து நடந்து உழைத்த தோள்பட்டையில் தசைநார் அதிகம். அவசரப்படுத்தினால் ரப்பர் மாதிரி இருக்கும். மெல்லிய சூட்டில் பொறுமையாக விட்டால் அந்த நார்ப்பகுதி ஜெலட்டினாகக் கரைந்து, குழம்புக்குத் தானாகவே கெட்டித்தன்மை வந்துவிடும். தேங்காய்ப் பாலோ மாவோ தேவைப்படாது.

24ஆம் தேதி மாலை கறியை ஈரம் போகத் துடைத்து, உப்பும் மிளகும் தடவி, காய்ந்த எண்ணெயில் எல்லாப் பக்கமும் நன்றாகச் சிவக்கவிட்டேன். கறியை எடுத்துவிட்டு அதே சட்டியில் நான்கு பெரிய வெங்காயம், இரண்டு முழுப் பூண்டு, இரண்டு கரண்டி தக்காளி விழுது, பட்டை, நட்சத்திரச் சோம்பு, பிரிஞ்சி இலை சேர்த்து வதக்கினேன். கறியைத் திரும்ப வைத்து, அதன் பாதி உயரத்துக்கும் குறைவாகத் தண்ணீர் விட்டு, இறுக மூடி, ஓவனில் 150 டிகிரியில் மூன்றரை மணி நேரம் வைத்தேன். ஓவன் இல்லாவிட்டாலும் கவலையில்லை. அடி கனமான பாத்திரத்தை மிகச் சிறு தீயில் வைத்து, அரை மணிக்கொரு முறை தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். கையால் செய்த வேலை மொத்தமே அரை மணி நேரம்தான்.

ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டேன். மறுநாள் மேலே கட்டியாக உறைந்திருந்த கொழுப்பை வழித்து எடுத்தேன். குளிர்ந்த கறி உடையாமல் துண்டு போட வந்தது. உருளைக்கிழங்கும் கேரட்டும் சேர்த்து மறுபடி ஒரு மணி நேரம் சூடாக்கினேன். சைவம் சாப்பிடும் பெரியம்மாவுக்கு அதே மசாலாவில் கொண்டைக்கடலையும் காளானும் தனிச் சட்டியில். சோற்றுப் பானையில் நெய்ச்சோறு, பக்கத்தில் ரொட்டி, வெள்ளரி அச்சார். அவ்வளவுதான் விருந்து.

அம்மாவுக்கும் வேலை இருந்தது. உட்கார்ந்தபடியே பூண்டு உரித்தார். குழம்பை ருசி பார்த்து, "மிளகு பத்தலடா, இன்னொரு கரண்டி போடு" என்றார். அவர் சொன்னது சரிதான். கடைசி வார்த்தை அம்மாவுடையது என்பதில் அவருக்கும் நிறைவு.

உணவு மேசையில் உட்காரவைப்பதுதான் உண்மையிலேயே கடினமாக இருந்தது. முதல் அரை மணி நேரத்தில் மூன்று முறை எழுந்தார். ஒரு முறை தண்ணீருக்கு, ஒரு முறை கரண்டிக்கு, ஒரு முறை காரணமே இல்லாமல். "அண்ணி, எல்லாம் மேசையிலதான் இருக்கு. உக்காருங்க" என்று அத்தைதான் கையைப் பிடித்து இழுத்தார்.

உட்கார்ந்த அம்மா பேசத் தொடங்கினார். திருமணத்துக்கு முன் ஜூரோங்கில் ஆலை வேலைக்குப் போனார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அங்கே வானொலிப் பெட்டிகளின் உள்பலகையில் கம்பிகளைப் பற்றவைத்தவர் என்பது அன்றிரவுதான் தெரிந்தது. ஈயப் புகை கண்ணில் எரிந்தது, இரவுப் பணி முடிந்து பேருந்தில் தூங்கிக் கடைசி நிறுத்தம்வரை போனது, மலாய்த் தோழியோடு சாப்பாட்டை மாற்றிக்கொண்டது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். மருமகளும் பேரப்பிள்ளைகளும் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். எதிர்வீட்டு அக்காவும் தன் அம்மாவின் ஆலைக் கதையை எடுத்துவிட்டார். வானொலியில் வேலை பார்க்கும் எனக்குப் பேச்சே வரவில்லை.

எளிதான சமையல் என்றால் சோம்பேறித்தனம் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. பத்து வகை செய்தால்தான் மரியாதை என்றும் நினைக்கிறோம். அந்தப் பத்து வகைக்காக ஒருவர் மாலை முழுக்க அடுப்படியில் நிற்கிறார் என்பதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. பாட் ரோஸ்ட்டிலும் உழைப்பு உண்டு. அது முதல் நாளே முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் அது எலும்புக் குழம்பாகவோ குர்மாவாகவோ இருக்கலாம். விருந்துக்கு ஆள் எண்ணும்போது சமைப்பவரையும் சேர்த்து எண்ணுங்கள்.

இந்தத் தீபாவளிக்கு அம்மா மட்டன் கறியை முதல் நாள் மாலையே வைத்துவிட்டார். கேட்டால், "கறி மறுநாள்தான்டா ருசி" என்கிறார். என் காலை நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போனபோது அம்மா மேசையில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சட்டி அடுப்புல இருக்கு, போட்டுக்கிட்டு வா" என்றார்.