ஜேம்ஸைத் தேடினா யாக்கோபுஸ்!

டப்ளின் போனா, கில்டேர் தெரு தேசிய நூலகத்தை ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. 1845-52 பஞ்சத்தில் கப்பலேறின கொள்ளுத்தாத்தாவைத் தேடி அமெரிக்காவிலிருந்தெல்லாம் வர்றாங்க. 1922 உள்நாட்டுப் போரில் ஆவணக் காப்பகமே எரிஞ்சு சாம்பல். அந்தந்த ஊர் சர்ச்சிலேயே கிடந்த கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேடுகள் தப்பிச்சுது. ஆனா, மேற்கு அயர்லாந்தில் பல ஊர்களுக்கு 1820-க்கு முன்னால ஒரு வரிகூட இல்லை!

'ஜேம்ஸ்'னு தேடினா சிக்க மாட்டார் பாஸ். பாதிரியார் லத்தீனில் 'யாக்கோபுஸ்'னு எழுதியிருப்பார். மை அழிஞ்சு அப்பா பேர் தெரியலையா? ஞானப் பெற்றோர் பேரைப் பிடிங்க, பெரும்பாலும் சித்தப்பா, அத்தைன்னு சொந்தமாத்தான் இருக்கும். 2015-லிருந்து இந்தப் பதிவேடுகளை இணையத்திலேயே இலவசமா புரட்டலாம். என்ன, சொந்த ஊர் பேர் தெரிஞ்சிருக்கணும். கப்பல் பட்டியலில் பல பேருக்கு வெறும் 'அயர்லாந்து'தான்!