விதைக்கு விட்ட காய்

ஹெப்பகோடிக்கு இப்போது மெட்ரோ ரயிலிலேயே வந்து இறங்கிவிடலாம். 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி திறக்கப்பட்ட மஞ்சள் தடத்தில், ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரையுள்ள 16 நிலையங்களில் கடைசிக்கு முந்தையது எங்கள் ஊர். நிலையத்தை விட்டு இறங்கினால் ஓசூர் சாலையின் லாரிகள், தொழிற்சாலைச் சுவர்கள், அடுக்குமாடிகள். சந்துகளுக்குள் நுழைந்தால்தான் பழைய கிராமத்தின் மிச்சம் தெரியும். எங்கள் வீட்டை ஒட்டிய முப்பதுக்கு நாற்பது காலி மனையும் அப்படி ஒரு மிச்சம். ஆறு வருடமாக அதில் நானும் பக்கத்து வீட்டு அஜ்ஜியும் காய்கறி போட்டு வருகிறோம்.

தை பிறந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் வீடு வீடாகக் கொடுத்து, மொச்சையும் வேர்க்கடலையும் அவித்துத் தின்றாயிற்று. தோட்டத்தில் தக்காளி அடியிலிருந்து கருகிக்கொண்டு வருகிறது. பூசணிக் கொடி காய்ந்து, ஒளிந்திருந்த நான்கு காய்கள் வெளியே தெரிகின்றன. மொச்சை மட்டும் வேலியோரம் இன்னும் காய்த்துக்கொண்டிருக்கிறது.

மொச்சை என்று தமிழில் சொல்கிறேன். பெங்களூருக்குப் புதிதாக வரும் தமிழர் கடையில் அவரைக்காய் கேட்டால் கைக்கு வருவது மொச்சைதான். கன்னடத்து 'அவரெகாயி' நம் மொச்சை. நம் அவரைக்காய் வேண்டுமென்றால் 'சப்பரதவரெ', அதாவது பந்தல் அவரை என்று கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நானும் முதல் வாரம் அரைக் கிலோ மொச்சையோடு வீடு திரும்பியவள்தான். ஊறவைத்த மொச்சையைத் தோல் பிதுக்கி வைக்கும் குழம்புக்கு ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பிதுக்குப் பருப்புக் குழம்பு என்று பெயர். இங்கே அது 'ஹிதுகித பேளெ சாரு'. பால் ஹாலு ஆனது போல, புலி ஹுலி ஆனது போல, பிதுக்கு ஹிதுகு ஆகியிருக்கிறது. எழுத்துதான் மாறியது, சட்டியில் கொதிப்பது ஒன்றே.

நாட்டு மொச்சைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பகல் நீளமாக இருக்கும்வரை இலையும் கொடியுமாக வளருமே தவிரப் பூக்காது. பொழுது குறுகிய பிறகுதான் பூ. டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் முழுக்க மொச்சை மணப்பதற்கும், அவரைக்காய் மேளா என்று ஒரு திருவிழாவே நடப்பதற்கும் இதுதான் காரணம். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஹெப்பாள் அவரை 3, 4 ரகங்களுக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது. எந்த மாதம் விதைத்தாலும் பூக்கும். விவசாயிக்கு அதனால் வருமானம். அஜ்ஜி மட்டும் ஒப்புக்கொள்வதில்லை.

"அதுல சொகடு இல்லம்மா" என்பார். சொகடு என்பது நாட்டுக் காயின் தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையும் அதன் வாசனையும். காலையில் பறித்தால் சாயங்காலம் வரை கையை விட்டுப் போகாது.

அஜ்ஜிக்கு எழுபது தாண்டிவிட்டது. எங்கள் தெரு முழுக்க ராகி வயலாக இருந்ததைப் பார்த்தவர். ராகி வரிசைகளுக்கு நடுவே மொச்சையும் துவரையும் போடுவதைக் கன்னடத்தில் 'அக்கடி சாலு' என்பார்கள். ஜூன், ஜூலை மழைக்கு விதைப்பு. ராகியை அறுத்த பிறகும் மொச்சை பனியைக் குடித்துக்கொண்டு காய்க்கும். பயறுச் செடியாதலால் வேர் முடிச்சுகளில் மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்க்கும். ஒரே நிலத்தில் களிக்கு மாவும் சாருக்குப் பருப்பும்.

அந்தப் பழக்கத்தில் பருவக் கடைசி வேலைகளை அவர் ஒழுங்காகச் செய்வார். நோய் கண்ட தக்காளிச் செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். எருக்குழியில் போட்டால் அடுத்த பயிருக்கும் நோய் வரும். பூசணியைக் காம்போடு அறுக்க வேண்டும். காம்பு ஒடிந்த காய் சீக்கிரம் அழுகும். மொச்சையைப் பிடுங்கவே கூடாது. தரையோடு அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே மக்க விட வேண்டும். பந்தல் மூங்கிலைக் கழுவிக் காயவைத்து, கயிற்றைச் சுருட்டி, வெறும் மண்ணைச் சருகால் மூட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், நல்ல செடியாகப் பார்த்துக் காய் பறிக்காமல் விதைக்கு விட வேண்டும்.

இந்த வருடம் அங்கேதான் சிக்கல். மனை விற்றாகிவிட்டது. பிப்ரவரி முதல் வாரம் பூமி பூஜை, அதற்குள் இடத்தைக் காலி செய்துவிடுங்கள் என்று வாங்கியவர் மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார். விதைக்கு விட்ட காய்கள் பழுத்துத் தோல் மஞ்சளித்திருந்தன. உலர இன்னும் மூன்று வாரமாவது வேண்டும்.

"பறித்துவிடலாம் அஜ்ஜி, கடைசி சாருக்கு ஆகும்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் விதைநெல்லைக் குத்தித் தின்பது குடும்பம் நொடித்துப்போனதற்கு அடையாளம். என்ன சொல்லிவிட்டோம் என்பது எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் காலை அஜ்ஜி அரிவாளோடு வந்தார். விதைக்கு விட்ட ஆறு செடிகளையும் காயோடு அடியில் அறுத்தார். "உன் மாடியில மழை படாத இடம் இருக்கா?" மாடிப்படிக் கூரையின் கீழ் கயிறு கட்டிச் செடிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டோம். முற்றிய காய் கொடியிலேயே காய்ந்துவிடும் என்றார். காய்ந்தது. பிப்ரவரி கடைசியில் உரித்தோம். சுருங்கியதையும் ஓட்டை விழுந்ததையும் கழித்தது போக இரண்டு கைப்பிடி தேறியது. வண்டு வராமல் சாம்பல் கலந்து பாட்டிலில் அடைத்தோம்.

மனையில் இப்போது அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். சிவப்பு மண் குவியலில் மொச்சை வேர்கள் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அஜ்ஜி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பாட்டில் என் சமையலறை அலமாரியில் இருக்கிறது. ஜூலை மழைக்கு முன் மொட்டை மாடிக்கு இருபது சாக்கு மண் ஏற்ற வேண்டும். அந்தக் குவியலிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் மேஸ்திரி.